தேரை பெத்தது, யானை பெத்தது

— வண்டியை அணைச்சுடு ஜிந்தி. சத்தம் கேட்டா யானை நம்ம பக்கம் திரும்பும்.

— அணைச்சுட்டேன்க்கா. போச்சு போ, நாலு மணிக்கு ரயில்.

— ரயில் உனக்குத்தாண்டி. கூட்டத்துல குட்டி இருக்கு. அது ரோட்டைத் தாண்டுற வரைக்கும் ஒரு யானையும் நகராது. பார்த்து நில்லு, காலடியெல்லாம் தேரை.

— மழை வேணும்னு போன வருஷம் இதுங்களுக்குப் பந்தல் போட்டுக் கல்யாணம் பண்ணி வச்சோம். மழையா வந்துச்சு? வெள்ளம் வந்து வயலை மணல்மேடாக்கிட்டுப் போச்சு.

— அந்தக் கல்யாணத்துல முதல் பந்தியில உக்காந்தவ நீ. தேரையைத் திட்டாத.

— எவ்வளவு நேரம்தான் நிக்கும்...

— அந்தப் பள்ளத்தைப் பாருடி. கறுப்பு மணி கோத்த மாதிரி தேரை முட்டை. ஆயிரத்தைப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டா. யானை ரெண்டு வருஷம் சுமந்து ஒண்ணே ஒண்ணு பெக்குது. அதைக் காலுக்கு நடுவுலயே வச்சிருக்கு.

— சுத்தி வளைக்காதக்கா. என்னைத் தேரைன்னு சொல்ற.

— நான் எங்கடி சொன்னேன்?

— காலையிலேருந்து அதைத்தான் சொல்ற. சோறு போடும்போது சொன்ன, பையைக் கட்டும்போது சொன்ன. கேரளாவுல இறால் உரிக்கணும்னு எனக்கு ஆசையா? மணல்ல நெல்லு விளையுமா?

— உன் மக தோரா இன்னும் பால் மறக்கல. அவ தூங்குற நேரம் பாத்து பக்கத்து வீட்டுல போட்டுட்டுக் கிளம்பிட்ட.

— முழிச்சிருந்தா எனக்குக் கால் வந்திருக்காது. தேரை வேற என்னதான் செய்யும்? தூக்கி வச்சுக்க அதுக்கு இடுப்பா இருக்கு? யானை யானைங்கறியே, அங்க பாரு. பால் கட்டின மாரோட முன்னாடி நிக்குதே, அதுதான் தாய். பின்னாடி நின்னு குட்டியை முட்டி மேட்டுல ஏத்துறது வேற ஒண்ணு. பெரியம்மாவா இருக்கும். தோராவுக்கும் பெரியம்மா இருக்கா. அந்தத் தைரியத்துலதான் நான் போறேன்.

— அதுதாண்டி எனக்குப் பயம்.

— என்ன பயம்?

— நேத்து என்னை அம்மான்னு கூப்பிட்டா. பெரியம்மான்னு நான் திருத்தல.

— சின்னப்பிள்ளை, விடுக்கா.

— அவ சின்னப்பிள்ளை. நான்? வயித்துல ஒண்ணும் தங்கல, அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு. தாய் கூப்பிட்டா அந்தப் பெரியம்மா யானை குட்டியை விட்டுடும். ரெண்டு வருஷம் கழிச்சு நீ வந்து கேட்டா நான் விடுவேனா? சத்தியமாத் தெரியல ஜிந்தி.

— ரோடு காலியாயிருச்சுக்கா. ஏறு, நேரமில்ல.

— இரு. டிக்கெட்டுல பேர் போட்டிருக்கா?

— ஜெனரல் டிக்கெட்டு, பேரெல்லாம் இல்ல. எதுக்கு?

— வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டு ஜிந்தின்னு ஆளைக் கேட்டானா, இறால் உரிக்கக் கையைக் கேட்டானா?

— கையைத்தான்... அக்கா, என்ன பேசற நீ?

— பையை இப்படிக் குடு. என்னை ஸ்டேஷன்ல இறக்கி விட்டுட்டு வீட்டைப் பாத்துப் போ, அவ முழிக்கிற நேரம்.