விசிறி ஓடும் அறை

போடி பஜாரில் என் கடையில் மின்விசிறி வாங்கிய யாரும், சத்தம் போடுகிறது என்று இதுவரை திருப்பிக் கொண்டுவந்ததில்லை. ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பில் போடுவேன். ஆனால் வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அது என் வீட்டுக்கும் பொருந்தும். எங்கள் படுக்கையறை விசிறி மட்டும் இரண்டு முறை 'டக்' என்னும், கொஞ்சம் இடைவெளி விடும், மறுபடி ஒரு 'டக்'. இன்ஸ்பெக்டர் ஐயா, இங்கே தொடங்கினால்தான் மற்றது புரியும்.

தேனி, கம்பம், போடிப் பக்கம் வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங் செய்து பார்க்கிற கிறுக்கர்கள் நாற்பது பேர் இருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு நாள் அல்லிநகரத்தில் மண்டபம் பிடித்து மாநாடு நடத்துவோம். அவரவர் பதிவைப் போட்டுக் காட்டலாம். ஆனால் எங்கே, யாரை வைத்து, எப்படி எடுத்தது என்பதை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, செயலாளர் ஹேமாவதி டீச்சரிடம் கொடுத்துவிட வேண்டும். மாலை நான்கு மணிக்குத்தான் உறைகளைப் பிரிப்பார். அதுவரை யாரும் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. காதை மட்டும் நம்பிப் பழக வேண்டும் என்று அந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்தான்.

சுருளிராஜன் கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவன். மைக் இரவல் வாங்க இரண்டு தடவை வீட்டுக்கு வந்திருக்கிறான். இரண்டாம் தடவை என் மனைவி இவாஞ்சலின் காப்பி கொடுத்தாள்.

"மதினி, சர்ச்சுல நல்லாப் பாடுவீகளாமே. ஒரு நாளைக்கு ஒங்க கொரலப் புடிக்கணும்" என்றான்.

அவள் சிரித்தாள். என்னிடம் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அவன் அனுப்பிய திராட்சையைக்கூடத் தின்றேன். புளிப்பாக இருந்தது.

மாநாட்டன்று பதினொன்றரை மணிக்கு அவன் பதிவைப் போட்டார்கள். ஒரு பெண் வாய்க்குள்ளேயே தாலாட்டு முனகுகிறாள். நடுவில் ஏழெட்டு நொடி நிறுத்துகிறாள். அந்த இடைவெளியில் விசிறி மட்டும் ஓடுகிறது. டக், டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

மண்டபமே கண்ணை மூடி ரசித்தது. நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அது என் படுக்கையறை. குரல் இவாஞ்சலின் குரலைப் போல இல்லை என்பது உண்மைதான். ஆனால் யாருக்காகப் பாடுகிறாள் என்பதைப் பொறுத்து ஒரு பெண்ணின் குரல் மாறும் அல்லவா? அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். ரசம் இரண்டு தடவை வாங்கினேன். பிறகு மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனேன். சுருளிராஜன் தனியாக வயர் சுருட்டிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்தினேன். மைக் ஸ்டாண்டின் அடியில் இருக்கிற இரும்பு வட்டு நல்ல கனம். கழற்றத் தெரிந்தவனுக்கு நாலு திருகு போதும்.

"எப்படி இருந்துச்சு ஸ்டான்லி அண்ணே? கண்டுபுடிச்சீகளா?" என்று சிரித்தபடி நிமிர்ந்தான்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் காதுக்கு மேலே அடித்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டான். அடுத்த அடிக்குக் கையைக் குறுக்கே வைத்தான், விரல்கள் முறிந்தன. "அண்ணே" என்றான். அதன்பின் நான் எண்ணவில்லை. ஒன்பது அடி என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள், இருக்கலாம். கடைசி அடிகளில் எலும்புச் சத்தம் இல்லை, ஈரச் சத்தம்தான். மாநாட்டுக்காக எல்லோருக்கும் ஒரு டீ-ஷர்ட் கொடுத்திருந்தார்கள். சட்டையைக் கழற்றிச் சுருட்டிவிட்டு அதைப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

வீட்டில் இவாஞ்சலின் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தலையணையை வைத்து அழுத்தினேன். ஒரு நிமிடம் போதும் என்று நினைத்தது தப்பு. நாலு நிமிடத்துக்கு மேல் ஆனது. என் முழங்கையில் இருக்கிற நகக் கீறல்கள் அவளுடையவை. விசிறி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது நீங்கள் மேசையில் வைத்திருக்கிற உறை சுருளிராஜனுடையது. அவன் கையெழுத்துதான். 'குரல்: பிச்சையம்மாள், கடமலைக்குண்டு, அவுக வீட்டில் எடுத்தது. நடுவில் நாய் குரைத்ததை வெட்டிய இடத்தில் வைத்தது, போடி ஸ்டான்லி அண்ணன் போன வருசம் தந்த வெறும் சத்தம். அண்ணனுக்கு நன்றி.'

வெறும் சத்தம் என்றால் யாரும் பேசாத அறையின் ஓசை. பாட்டில் ஒரு துண்டை வெட்டினால் அந்த இடம் பள்ளமாகக் கேட்கும், அதை இப்படி ஏதாவது ஒரு ஓசையால்தான் நிரப்ப வேண்டும். மாநாட்டு முடிவில் சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவருக்கு நம் வீட்டு ஓசையை ஒரு நிமிடம் பதிந்து பெண்டிரைவில் கொடுப்பது எங்கள் வழக்கம். எனக்குச் சுருளிராஜன் பெயர் வந்தது. கொடுத்தேன். மறந்தும் போனேன். அந்த இடைவெளியைத் தவிர வேறெங்கும் 'டக்' கேட்கவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு கொலையும் உண்மை தெரியாமல் செய்தவை என்று எழுதப் போகிறீர்கள். எனக்கு அது நல்லதுதான். ஆனால் கையெழுத்துப் போடுகிற தாளில் பாதி உண்மை இருக்கக் கூடாது.

இவாஞ்சலினிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நீங்க குடுத்ததுதானங்க. போன வருசம் இதே கட்டில்ல என்னைய உக்கார வச்சு, ஒரு நிமிசம் மூச்சு விடாதன்னு சொன்னீகளே. அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேனே. அந்தத் தம்பிய என்னங்க செஞ்சீக?"

எல்லாம் தெளிவாகக் கேட்டது. எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அவன் அங்கே அப்படிக் கிடக்க, அவள் சொல்வதை ஒத்துக்கொண்டால் நான் என்ன ஆவேன்? அதற்குப் பிறகுதான் தலையணையை எடுத்தேன்.

இருந்தாலும் ஐயா, நீங்களே சொல்லுங்கள். மனதில் தப்பு இல்லாதவளுக்கு அது இத்தனை விவரமாகவா ஞாபகம் இருக்கும்?