எட்டாவது சோடிச் சப்பாத்து

இரவு பதினொன்றேகால். பத்து மைலுக்கு ஒரு விளக்கு இல்லாத சாலை. இரண்டு பக்கமும் அறுத்த கோதுமை வயல். யாக்கோப்பு வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார்...

கதையைச் சொன்னவன் கஸ்பர். யாக்கோப்பு அவனுடைய அக்கா புருஷன். தொண்ணூற்றிரண்டு மார்கழி, ஃபாரஸ்ட் கேட் என்ற புறநகரில் கஸ்பரின் வீடு. மின்சாரம் போயிருந்தது. பேக்கரி ஷிப்ட் முடித்து வந்த நாங்கள் ஏழு பேர், ஒரு மெழுகுதிரி.

"அவுஸ்திரேலியாவில முந்நூறு சனம் இருக்கிற ஊர். அத்தானுக்குக் களஞ்சியத்தில சவளால கோதுமை தள்ளுற வேலை. ஒருத்தரும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை."

அறுபது வருடத்துக்கு முன் அதே களஞ்சியத்துக்குள் எட்டுக் கூலியாட்கள் நின்றபோது, மேலேயிருந்து ஊர்க்காரர்கள் கோதுமையைத் திறந்துவிட்டார்கள். உள்ளே கத்தினார்கள். கோதுமை ஏற்ற ரயில் காத்திருந்தது... யாரும் நிறுத்தவில்லை. ஏழு உடல் கிடைத்தது. அவர்கள் நினைவாக வருடத்தில் ஓர் இரவு ஊர் மண்டபத்தில் கூடி ஆட்டிறைச்சி தின்பார்கள். வாசலில் ஏழு சோடிப் பழைய சப்பாத்து வரிசையாக இருக்கும். கிடைக்காத எட்டாவது ஆளுக்கு இடம் மட்டும்.

"அத்தானுக்கு இது ஒண்டும் தெரியாது. அண்டைக்கு இரவு சாப்பாட்டுக்கு மண்டபத்துக்குப் போறார், வாசல்ல சப்பாத்துக் கிடக்குது. எங்கட ஆள் என்ன செய்யும்?"

"கழட்டும்," என்றான் பாலேந்திரா. "மனிசி பழக்கி வைச்சது."

"கழட்டி அந்த வெறும் இடத்தில வைச்சிட்டார்."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றதாம். எல்லாரும் அவருடைய காலைப் பார்த்தார்கள். ஒரு கிழவன் எழுந்து கதவைத் திறந்து பிடித்தான். "இவ்வளவு காலம் அவன் வெறுங்காலோடு கிடந்தான். இனி நடப்பான். உன் பின்னால்." மற்றவர்கள் குனிந்து தின்னத் தொடங்கினார்கள்.

வாசலில் யாக்கோப்புவின் சப்பாத்துக்குள் விளிம்புவரை ஈரக் கோதுமை. புளித்த மணம். ஓடினார். பின்னால் அதே சப்பாத்து... இடது குதியில் அவரே அடித்த ஆணி. டக்... சர். டக்... சர்.

"பிறகு?"

"சத்தம் கேட்டா அடுத்த ஊர். இப்பிடியே நாலு வருசம். போன கிழமை இங்க வந்தவர். மேல படுத்திருக்கிறார். கட்டில்லயும் சப்பாத்தோடதான். கழட்டவே மாட்டார்."

"பேய்க்கும் குரோய்டனில விசா குத்திக் குடுத்தவங்களோ?" என்றான் பாலேந்திரா.

சிரித்தோம். சிரிப்பு முடியவில்லை...

முன்கதவுப் பக்கம். டக். சர்.

கஸ்பர் டோர்ச்சை அடித்தான். கதவு பூட்டியபடியே இருந்தது. கண்டபடி கழற்றி எறிந்த எங்கள் ஏழு சோடியும் சுவரோரம் நேர் வரிசையில். கடைசியில் ஒரு சோடிக்கு இடம் விட்டிருந்தது. மாடிப்படியில், படிக்குப் படி, ஈரக் கோதுமை.

மேலேயிருந்து யாக்கோப்புவின் தூக்கக் குரல்.

"கஸ்பர்... ஏன்ரா என்ர சப்பாத்தைக் கழட்டுறாய்?"