தாய்மாமன் யாருன்னு ஒரு கேள்வி

...நின்னுபோச்சு நின்னுபோச்சுன்னா எப்பிடி சார்? கம்ப்யூட்டர் மேல குத்தமே கெடையாது. இந்த லேப்ல பன்னெண்டு வருசமா அட்டெண்டர் நான், சங்கிலிமுத்து. நேத்துகூட கீபோர்டக் கவுத்துப்போட்டுத் தட்டுனேன். அம்புட்டும் இந்தப் பாடத்தோட குத்தம். வெளியூர்லருந்து பரீட்ச வைக்க வந்திருக்கீக, உங்களுக்குத் தெரியாததா... டீயக் குடிங்க, ஆறுது.

லாஜிக் புரோகிராமிங்காம். பேரு மட்டும் பெருசா இருக்கு. எதெது நெசம்னு நாம எளுதிக் குடுக்கணுமாம், இன்னது இருந்தா இன்னதுன்னு விதி போடணுமாம், பெறகு கேள்வி கேட்டா ஆமா, இல்லன்னு சொல்லுமாம். நாம சொல்லாததக் கேட்டா? இல்லன்னுரும். தெரியாதுங்குற பேச்சே கெடையாது. எங்க ஆபீஸ் சூப்ரண்டு மாதிரின்னு வச்சுக்கோங்க. இதுக்கு ஒரு செமஸ்டரு, ஏசி, புரொஜக்டரு.

பாடம் எடுக்குற மேடம் என்ன பண்ணுச்சு, ஆளுக்கு அவுக குடும்பத்த இதுல புரோகிராமா எளுதிட்டு வாங்கன்னுருச்சு. இந்த சிஸ்டம் இசைவாணியோடது. வெளிய நின்னு அளுவுறாளே, அவதான். அவ அம்மா வள்ளித்தாயி தாயில்பட்டியில பட்டாசுக் கம்பெனிக்குப் போயி, வெடிமருந்துல வெந்து படிக்க வைக்கிறா... எனக்கெப்பிடித் தெரியுமா? தெரியும் சார். இருங்க, வாரேன்.

முந்தாநாளு ஒத்திகை. புரொஜக்டரு நான்தான் போட்டேன். 'இசைவாணிக்குத் தாய்மாமன் யாரு'ன்னு தட்டுறா. இல்லன்னு வருது. எம்மாம்பெரிய எளுத்துல, அறுபது பிள்ளைக பாக்க. நான் சொவத்தோரம் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்.

நான்தான் சார் அந்தத் தாய்மாமன்.

ரெண்டு வருசமா இதே காலேஜ், மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தும் பேசுனதில்ல. அன்னைக்குத்தான் கேட்டேன், 'என்னைய ஏன் எளுதல?' 'நீங்கதான மாமா, தங்கச்சியே இல்லன்னு சொன்னீக'ங்குறா. மேடத்துகிட்டப் பேசுற மாதிரி மருவாதையா.

சொன்னேன்தான். ஏழு வருசமாச்சு. இருக்கன்குடியில அவ தம்பிக்குக் காதுகுத்து. பிளெக்ஸ்ல கம்பெனி மொதலாளி ஆளு ஒசரத்துக்கு நிக்கிறாரு. தாய்மாமன் நான் தபால்தலை அளவுக்கு, கீழ, பந்தல்காரன் போன் நம்பருக்குப் பக்கத்துல. கோவம் வருமா வராதா? புள்ளைய மடியில வைக்காமலே, எனக்குத் தங்கச்சியே இல்லன்னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். யாரு மடியில ஒக்கார வச்சாகன்னு இன்னைக்கு வரைக்கும் கேக்கல... கேக்கத் தைரியமில்ல சார்.

அதான் நேத்து சாயங்காலம் பூட்டுறதுக்கு முன்ன, இவ புரோகிராமத் தொறந்து ரெண்டு வரி சேத்தேன். மொறைக்காதீக. அஞ்சு மாசமா கடைசி ஸ்டூல்ல ஒக்காந்து பாடம் கேட்டவன், எனக்குத் தெரியாதா? நேரா 'நான் அண்ணன்'னு எளுதிருக்கலாம். எளுதுனா நான் எறங்கி வந்ததா ஆயிருமே. அதனால, வள்ளித்தாயி எனக்குத் தங்கச்சின்னா நான் அவளுக்கு அண்ணன். நான் அண்ணன்னா அவ தங்கச்சி. எம்புட்டு நியாயம் பாருங்க, யாருக்கும் கௌரவக் கொறைச்சல் இல்ல.

இது என்ன பண்ணுது... நான் அண்ணனான்னு பாக்க அவகிட்டப் போகுது. அவ தங்கச்சியான்னு பாக்க எங்கிட்ட வருது. திரும்ப அவகிட்ட. யாராச்சும் ஒருத்தர் மொதல்ல ஒத்துக்கிட்டாத்தான நிக்கும்? நாங்க ஏழு வருசமாச் சுத்துறத இது பத்து நிமிசமாச் சுத்துது, அம்புட்டுத்தான்.

மார்க்குல கைய வச்சிராதீக சார். புள்ள எளுதினது சரி, கெடுத்தது நான். ஒரே ஒரு வாட்டி மாத்த விடுங்க... சார்? அடுத்த சிஸ்டத்துக்குப் போயாச்சா. தலைய ஆட்டிட்டுப் போறீக, சரின்னு எடுத்துக்கிறேன்.

ஏத்தா இசைவாணி, உள்ள வா. கண்ணத் தொடச்சுக்கோ. கடைசியில ரெண்டு வரி இருக்கு, ஒன் மாமன் செஞ்ச வேல, அத அளி. ஒரே வரி போடு. சங்கிலிமுத்து வள்ளித்தாய்க்கு அண்ணன். அப்பிடி இருந்தா இப்பிடிங்குறதெல்லாம் வேணாம்.

போட்டியா? இப்பக் கேளு அந்தக் கேள்விய. இரு, இரு... புரொஜக்டரப் போட்டுக்கிறேன்.