அத்தையின் கோப்பு

ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் பென்சில்தான் கொண்டுபோக வேண்டும் ஐயா. பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நான் எப்போதும் மூன்று பென்சில்களைச் சீவி எடுத்துப் போவேன். அவ்வளவு ஒழுங்கான ஆள்.

குடும்ப வரலாறு தேடுகிற சுகம் உங்களுக்குத் தெரியாது. பதிவாளர் அலுவலகத்தில் தாத்தாவின் திருமணப் பதிவு கிடைத்த அன்று நடைபாதையிலேயே ஓர் ஆட்டம் போட்டேன். வயதில் ஆறு வருடத்தை விழுங்கியிருந்தார், கில்லாடி. அருங்காட்சியகத்தில் கொள்ளுத்தாத்தா அகப்பட்டார். நகராட்சி ஊழியர்களின் குழுப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் பக்கத்து ஆளின் தொப்பியை முறைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது.

ஏழு தலைமுறை, நூற்றுப் பன்னிரண்டு பேர். அருங்காட்சியகக் கண்காட்சியில் என் வம்ச வரைபடத்துக்கு ஒரு முழுச் சுவரையே ஒதுக்கினார்கள். அதில் ஒரே இடத்தில்தான் கேள்விக்குறி: என் அத்தையைப் பெற்றவர்கள் யார்? அத்தை அப்பாவுடன் பிறந்தவர் அல்ல, மூன்று வயதில் தத்தெடுத்து வந்த குழந்தை. தத்துக் கோப்பு காப்பகத்தில் இருந்தது. அதைத் திறக்க அவரே எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது அவருடைய இறப்புச் சான்றிதழ் வேண்டும். விதி அப்படி.

அத்தையிடம் பக்குவமாகத்தான் கேட்டேன்.

“வளர்த்தவங்க போதும்டா எனக்கு. இப்பப் போய் அதைக் கிளறணுமா?” என்றார். என் முகம் தொங்கியதைப் பார்த்து, “சரி, யோசிக்கிறேன் போ” என்றார்.

எண்பத்திரண்டு வயதில் யோசிக்கிறேன் என்றால் என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்கள். கண்காட்சிக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அத்தைக்குப் பிள்ளைகள் கிடையாது. கண்ணும் மங்கல். ஞாயிறுதோறும் ஒரு வாரத்து மாத்திரைகளை டப்பாவில் பிரித்து வைப்பவன் நான்தான். இதய மாத்திரை இருந்த அறைகளில் அதே நிற வைட்டமின் மாத்திரைகளை வைத்தேன். உடம்புக்கு நல்லதுதானே. தினமும் போன் செய்து, “மாத்திரை போட்டீங்களா அத்தை?” என்று கேட்பேன். “போட்டுட்டேன்டா கண்ணு” என்பார். அக்கறையில் நான் குறையே வைக்கவில்லை. பதினோரு நாள் தாங்கினார். விக்கி விக்கி அழுதேன், பொய் அழுகை இல்லை.

ஆனால் சான்றிதழ் கைக்கு வந்ததும் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் காப்பகத்துக்கு ஓடியே போனேன். அங்கே கோப்பு எடுத்துக் கொடுக்கிற அம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இது எதுக்கு சார்? அவங்கதான் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே தனியா வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்களே. வர்ற வெள்ளிக்கிழமை உங்க பொறந்தநாளாமே. அதுவரைக்கும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினாங்க.” அப்புறம்தான் சான்றிதழைப் படித்தார். “ஐயோ, எப்ப சார்?”

கோப்பில் பெற்றவளின் பெயர், ஊர், எல்லாம் இருந்தது. கேள்விக்குறியை அழித்து எழுதினேன். வரைபடத்தை நீங்களும் போய்ப் பார்க்க வேண்டும், அப்படியொரு அழகு.

மாத்திரையை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அத்தை மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம். சொந்த மருமகனிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தச் சான்றிதழுக்காகப் பதிவாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த அலைச்சலாவது மிச்சமாகியிருக்கும்.