முப்பத்தேழாம் நம்பர் அட்டை

என் கையெழுத்து என்னோடது இல்லையாம்! எப்படி இருக்கு கதை? பத்துத் தடவை போடச் சொல்லுச்சும்மா, அதோ, ரெண்டாவது கவுண்டர்ல பூதக்கண்ணாடியும் கையுமா உக்காந்திருக்கே, அந்தப் பொண்ணுதான். பத்தும் போட்டேன். உக்காந்து போட்டேன், நின்னு போட்டேன். கடைசில என்ன சொல்லுது தெரியுமா? "ஐயா, ஆளு நீங்கதான், அதுல சந்தேகமே இல்ல. கையெழுத்துதான் நீங்க இல்ல."

கொஞ்சம் நகந்துக்குங்கம்மா... இல்ல இல்ல, எந்திரிக்க வேணாம். உங்க டோக்கன் என்ன? நாப்பத்தொண்ணா? இப்பதான் இருபத்தாறு போகுது. எங்க போகப் போறீங்க, உக்காருங்க.

நான் யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே. பரவால்ல, யாரும் கேக்குறதில்ல. அந்தக் காலத்துல சூயிங்கம் பாக்கெட்டுக்குள்ள ரேஸ் டிரைவர் படம் போட்ட அட்டை வருமே, மொத்தம் நாப்பது பேரு... அதுல முப்பத்தேழாம் நம்பர் நான்! சத்தியமா! கண்ண இடுக்கிக்கிட்டு ஒருத்தன் நிப்பான் பாருங்க, அவன்தான். எல்லாரும் அத ஸ்டைலுன்னு நெனச்சுக்கிறாங்க. கண்ணுல பூச்சி விழுந்துச்சும்மா! இன்னொண்ணு எடுப்பான்னேன், ஃபிலிம் தீந்துபோச்சுன்னுட்டான் போட்டோக்காரன். கக்கத்துல இடுக்கியிருக்கிற ஹெல்மெட்டும் என்னோடது இல்ல, என் மச்சானோடது. அட்டைக்குப் பின்னாடி, 'பிடித்த பொழுதுபோக்கு: நீச்சல்'னு அடிச்சிருக்கான். எனக்கு முழங்கால் தண்ணின்னாலே மூச்சு முட்டும்.

ரேஸா? ஓட்டினேன், ஓட்டினேன்... பதினோரு வருஷம். ஜெயிச்சது... அத விடுங்க. ஒரு தடவ நாலாவதா வந்தேன். அன்னிக்குக் கோட்டத் தாண்டினதே நாலு வண்டிதான், அது வேற விஷயம்.

ஆனா கூத்தப் பாருங்க. அட்டை அச்சடிச்ச எடத்துல கூரை ஒழுகி, என் நம்பர் கட்டு மட்டும் நனஞ்சு கூழாப் போச்சு. தப்பிச்சது கொஞ்சந்தான். இப்ப ஜெயிச்சவன் அட்டையெல்லாம் சீந்த ஆளில்லாம கெடக்கு, தோத்தவன் அட்டைக்கு நாயா அலையுறாங்க! நாப்பதும் சேரணும்னா நான் இல்லாம முடியாதுல்ல?

அதனாலதான் இந்தச் சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டிருக்காங்க. அட்டை சேக்குறவங்க சங்கத்துக் கண்காட்சி. எனக்குன்னு ஒரு மேசை, ஒரு நாற்காலி, பேர் எழுதின பலகை. ஒரு மணி நேரம் நான் கையெழுத்துப் போடணும், ஜனங்க வரிசையில நிப்பாங்க. என் பின்னாடி ரேஸ்ல ஒருத்தனும் வந்ததில்லம்மா... கடைசி ஆளுக்குப் பின்னாடி யாரு வருவா? சிரிங்க, சிரிங்க. ஆனா ஒருதடவையாவது எனக்குன்னு ஒரு வரிசை நிக்கிறதப் பாக்கணுமா இல்லையா? கோட்டு கூட இஸ்திரி போட்டு மாட்டி வச்சாச்சு.

அப்புறம்தான் சங்கத்துச் செயலாளர் ஃபோன் பண்றாரு. "போலி ஜாஸ்தியாப் போச்சுங்க, கையெழுத்து அசலா போலியான்னு பாக்குற ஆபீஸ் இருக்கு, அங்க போட்டுக் காட்டி ஒரு சான்றிதழ் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க, இல்லன்னா உக்கார வைக்க முடியாது"ன்னு. அதுக்கென்ன, என் கையெழுத்துதானே, கால் மணி நேர வேலைன்னு வந்தேன். காலையில இருந்து உக்காந்திருக்கேன்!

அந்தப் பொண்ணு ஃபைலத் தொறந்து காட்டுது. என் அட்டையில போட்ட பழைய கையெழுத்து அறுபதுக்கு நகல் இருக்கு அதுக்கிட்ட, எல்லாம் இவங்களே பாத்து முத்திரை குத்தினது. அறுபதும் அச்சுல வார்த்த மாதிரி. மொத எழுத்தோட வாலு மேல போயி அழகாச் சுருளுது. என்னோடது கீழ தொங்குது, செத்த பல்லி மாதிரி. அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லல, மரியாதையான பொண்ணு. நானேதான் சொல்றேன்.

யாரோ திருட்டுப்பய போட்டிருப்பானா? சேச்சே... அப்படியெல்லாம் இல்ல. அது வந்து... கொஞ்சம் கிட்ட வாங்க, கவுண்டர்ல கேட்டுடும். அது என் வீட்டுக்காரி போட்டது.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? அட்டை வந்த புதுசுல வாரத்துக்கு முப்பது கடுதாசி வரும்மா, கையெழுத்துக் கேட்டு! உள்ள அட்டை, பதில் போட ஸ்டாம்பு ஒட்டின உறை. நான் ஒர்க் ஷாப்ல கிரீஸும் கையுமா நிப்பேன். மொத நாலு அட்டையில என் கையெழுத்த விட கட்டை விரல்தான் பெருசாத் தெரிஞ்சுது. அவ டீச்சர், எழுத்து முத்து முத்தா இருக்கும். நீ போடு, நான் பாத்திரம் கழுவுறேன்னேன். கடுதாசி நின்னு முப்பது வருஷமாச்சு. பாத்திரம் நிக்கல.

உண்மையச் சொல்லிடலாம்தான். சொன்னா, இவங்க 'அசல்'னு முத்திரை குத்தின அறுபதும் போலியாயிடுமே! வாங்கினவங்க அத்தன பேரும் என் வீட்டு வாசல்ல நிப்பாங்க. நான் கேட்ட வரிசை அது இல்லம்மா.

கேளுங்க, காலையில கெளம்பும்போது அவ கேட்டா, "நானும் கூட வரட்டுமா?"ன்னு. என் கையெழுத்துக்கு நீ எதுக்குடின்னு சொல்லிட்டு, விறைப்பா நடந்து வந்துட்டேன். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

அது என்ன ஆல்பம்? காட்டுங்க, காட்டுங்க... அட! மொத்த நாப்பதும் வச்சிருக்கீங்களே! முப்பத்தொம்பதுலயும் கையெழுத்து இருக்கு... எதும்மா ஒண்ணு மட்டும் வெறுமனே... அடடா, நானா! எத்தன வருஷமாத் தேடுறீங்க? பதினாலா! ஏம்மா, இத மொதல்லயே சொல்லக் கூடாது? இங்கயே, சுடச்சுடப் போட்டுத் தர்றேன். பேனாவக் குடுங்க.

குடுங்கம்மா... அட, எதுக்கு ஆல்பத்த மூடுறீங்க? நான்தானே அது? ஆளு நான்தான்னு அந்தப் பொண்ணே சொல்லிருச்சே! என்ன... நான் போட்டா கெட்டுப் போயிடுமா? இவங்க போலின்னு முத்திரை குத்திடுவாங்களா?

ம்... குத்துவாங்கதான்.

எந்திரிச்சுட்டீங்களே. டோக்கன் இன்னும் வரலையே... என்னது? அவ வீட்டுல இருப்பாளாவா?

இருப்பா. மார்க்கெட்டுக்குப் பின்னாடி ரெண்டாவது தெரு, நீலக் கதவு. ரெண்டு தடவ தட்டுங்க, ரேடியோ ஓடிக்கிட்டிருக்கும். கேட்டீங்கன்னா ஒரு நிமிஷத்துல போட்டுக் குடுத்துருவா, பெருமைக்காரி இல்ல, என்ன மாதிரி.

ஏம்மா... ஒரு நிமிஷம். போறதுதான் போறீங்க, சனிக்கிழமை வருவாளான்னு அப்படியே அவகிட்டக் கேட்டுப் பாருங்களேன். நாற்காலி ஒண்ணுதான் போடுவாங்களாம்... நான் பக்கத்துல நின்னுக்கிறேன்னு சொல்லுங்க.