அரைச் சுற்று

குழந்தைக்குப் பால் புகட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை மேடம். பொறுமையும் மடியும் இருந்தால் போதும். எனக்கு இரண்டும் இருந்தன. பெற்ற பிள்ளை மட்டும்தான் இல்லை.

தம்பியை வளர்த்தது நான். தையல் மெஷினை மிதித்தே அவனைப் படிக்க வைத்தேன், கல்யாணமும் செய்து வைத்தேன். சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவனுக்குக் குழந்தை பிறந்ததும் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னால் போய் நின்றேன், அது உங்களுக்குத் தெரிய வேண்டும். தம்பி மனைவிக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பேறுகாலத்துக்குப் பிறகு காய்ச்சலில் கிடந்ததில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. என்னை அண்ணி என்று கூப்பிடுவாள். நல்ல பெண். இதை எழுதிக்கொள்ளுங்கள், நல்ல பெண்தான்.

பிள்ளை குறைமாதம். எலும்பும் தோலுமாய்க் கிடந்தவனுக்குக் குண்டு என்று பேர் வைத்தவள் நான். கூப்பிடக் கூப்பிடச் சதை போடட்டுமே என்றுதான்.

புட்டியில் பால் வேகமாக வந்தால் அவனுக்குப் புரையேறிவிடும், முகம் நீலம் பாயும். மருந்துக்கடைக்காரர் அதற்கென்று ஒரு வளையம் கொடுத்தார். மோதிரம் அளவு பிளாஸ்டிக், மலிவான சாமான். நிப்பிளின் கழுத்தில் மாட்டி, பக்கத்துத் திருகை முடுக்கினால் பால் சொட்டுச் சொட்டாக வரும். தளர்த்தினால் தாராளமாக வரும். தம்பி மனைவி அதைத் தொடவே மாட்டாள். "எனக்குப் பயமா இருக்கு அண்ணி, நீங்களே சரி பண்ணி வச்சிடுங்க" என்பாள். பகலில் நான் கொடுப்பேன். மாலையும் இரவும் அவள் கொடுப்பாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் மாலை, வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே குண்டு என் மடியில் கிடந்தபடி கையையும் காலையும் உதைத்துக்கொண்டு சிரித்தான். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அவள் அவனை வாங்கிக்கொண்டு, "பேசாம வேலைய விட்டுடப் போறேன் அண்ணி. நீங்களும் எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுவீங்க? இனிமே நான் பாத்துக்கறேன்" என்றாள். என் மேல் அக்கறையில்தான் சொன்னாள். அவனைக் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வது? யார் சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

அன்று அவளுக்குக் கலந்து கொடுத்த புட்டியில் திருகை அரைச் சுற்று கூடுதலாக முடுக்கினேன். அரைச் சுற்றுதான் மேடம். விஷமா வைத்தேன்?

அவன் சப்பினான், சப்பினான், பால் வரவில்லை. சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிட்டான்.

"என்கிட்ட மட்டும் ஏன் அண்ணி குடிக்க மாட்டேங்குறான்?"

"பகல்ல ஒரு கை, ராத்திரி ஒரு கைன்னா புள்ளதான் என்ன பண்ணும்? இங்க குடு."

நான் வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய், முதுகைக் காட்டி நின்று திருகைத் தளர்த்தினேன். மடக் மடக்கென்று குடித்தான். அவள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அது அன்றாட வேலையாகிவிட்டது. மாலையில் நான் வாங்கிக்கொள்வேன். இரவில் அவர்கள் அறைக் கதவைத் தட்ட முடியாதே. அவன் அழுது அழுது பசியோடு தூங்கிப்போவான். விடிந்ததும் நான் கொடுக்கும்போது இரண்டு கையாலும் புட்டியைக் கட்டிப் பிடித்துக்கொள்வான். என் மேல் எவ்வளவு உயிராக இருந்தான், பாருங்கள்.

எடை இறங்கியது. டாக்டர் அவளைத்தான் திட்டினார். தம்பியும், "ஒரு புள்ளைக்குப் பால் குடுக்கத் தெரியலன்னா நீ என்னத்துக்கு அம்மா?" என்று கேட்டுவிட்டான். வேலையை விடும் பேச்சை அவள் அத்தோடு நிறுத்தினாள். "என்னைக் கண்டாலே அவனுக்கு ஆகல அண்ணி. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்றைக்கே திருகைத் தளர்த்தியிருக்கலாம். நான் நினைத்தது நடந்துவிட்டதே. ஆனால் அவளிடம் அவன் ஒழுங்காகக் குடித்துவிட்டால் அவள் மனசு மாறிவிடுமே.

நேற்று விடுமுறை, அவள் வீட்டில் இருந்தாள். நான் அவனுக்குப் பால் பவுடர் வாங்கப் போயிருந்தேன். கடையில் கூட்டம். பிள்ளை பசியில் துடித்திருக்கிறான். அவள் என் தையல் பெட்டியில் ஊசி எடுத்து, நெருப்பில் காட்டி, நிப்பிளின் ஓட்டையைப் பெரிதாக்கியிருக்கிறாள். அப்போதும் பால் வரவில்லை. கிளம்பும் முன் நான் முடுக்கிவிட்டுப் போன வளையம் இறுக்கிப் பிடித்திருந்தது. பிள்ளை கதறுகிற கதறலில் வளையத்தையே பிடுங்கி எறிந்துவிட்டு வாயில் வைத்துவிட்டாள். பால் கொட்டியிருக்கிறது. அவ்வளவு பசி அவனுக்கு, வாயை எடுக்கவில்லை.

நான் தெருமுனைக்கு வரும்போது அவள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். என் கையில்தான் கொடுத்தாள். "அண்ணி, நீங்க வாங்குங்க, உங்ககிட்ட வந்தா அழுகைய நிறுத்திடுவான்ல, கண்ணத் தொறப்பான்ல" என்றாள். வாயோரத்தில் பால் வெதுவெதுப்பாக இருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன். குண்டு, குண்டு என்று கூப்பிட்டேன். எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எனக்கு அழுகைகூட வரவில்லை மேடம்.

பக்கத்து அறையில் அவள் உங்கள் ஆட்களிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். என் புள்ளைய நானே கொன்னுட்டேன், நானே கொன்னுட்டேன் என்கிறாள். சுவர் தாண்டிக் கேட்கிறது. அது பொய். அவள் ஒன்றும் அறியாதவள். ஒவ்வொரு வேளையும் அந்தத் திருகை முடுக்கியது நான், அவனைக் கொன்றதும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அதற்கு முன்னால், என் புள்ளை என் புள்ளை என்கிறாளே, அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.