இருபத்தோராயிரத்துக்குக் கீழே

“ஹலோ... சொல்லு மாதவ். கேக்கறது, கேக்கறது. எங்கே நிக்கறே, குரல் ஏன் கிணத்துக்குள்ளேந்து வராப்ல இருக்கு?... மாடிப்படியிலயா?... உன்னையும் கூப்ட்டுட்டாளா?... இன்னிக்கேவா!”

ஜெயந்த் நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயைத் தட்டில் போட்டான். போன மாதம் அதே சால்ட் லேக் அலுவலகத்திலிருந்து அவனை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். இன்றைக்கு அவன் ஷட்டகர் மாதவின் முறை. அக்கா ஹம்சினியை ஜெயந்த் கட்டியிருந்தான், தங்கை மீராவை மாதவ்.

“என்னது, உதவித்தொகையா?... ஆமா, இருக்கு, வேலை போனவாளுக்கு, ஈ.எஸ்.ஐ. இன்ஷூரன்ஸ்ல. யார் சொன்னா?... மீராவா. அவளுக்கு ஹம்சினி சொல்லியிருப்பா. எங்காத்துல ஒரு விஷயம் தங்காது... சேச்சே, கோபமெல்லாம் இல்லைடா. கேளு, சொல்றேன்.”

விதிமுறை என்று வந்துவிட்டால் ஜெயந்துக்குக் குரலே மாறிவிடும். யார் கேட்டாலும் அடியிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக விளக்கினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

“மாசம் இருபத்தோராயிரம் வரைக்கும் வாங்கறவாளுக்குத்தான் ஈ.எஸ்.ஐ. பிடிப்பா. அப்படி ரெண்டு வருஷமாவது பிடிச்சிருக்கணும்... உனக்கு அஞ்சு ஆச்சோல்லியோ, சரி. ஆறாறு மாசமா ஒரு கணக்கு வெச்சிண்டிருக்கா. கடைசிக் கணக்குல எழுபத்தெட்டு நாளாவது கட்டியிருக்கணும். அதுக்கு முந்தின மூணு கணக்குல ஏதாவது ஒண்ணுலயும் அதே எழுபத்தெட்டு... அதென்ன எழுபத்தெட்டா? நல்ல கேள்வி! மாசத்துக்கு இருபத்தாறு நாள் வேலைன்னா ஆறு மாசத்துக்கு நூத்தம்பத்தாறு. அதுல சரி பாதி. அப்படித்தான் இருக்கணும், அழகா இல்லே?... சரி, சரி, உன் அவசரம் உனக்கு. வேலை போய் முப்பது நாள் ஆகணும். அப்புறம் பாதிச் சம்பளம், தொண்ணூறு நாளைக்கு. ஆயுசுக்கு ஒரே தரம்... எனக்கா?”

தட்டிலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளினான்.

“எனக்கு ஏதுடா? நான்தான் இருபத்தோராயிரத்தைத் தாண்டிட்டேனே... ஆமாண்டா, சந்தேஷ் ஸ்வீட் வாங்கிண்டு வந்தேனே, அதுக்குத்தான். நீயும்தான் ரெண்டு தின்னே.”

இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை அது. மாமனார் பத்மநாபன் எதிரில் தன் சம்பளமும் மாதவின் சம்பளமும் ஒன்றாக இருப்பது ஜெயந்துக்குப் பொறுக்கவில்லை. மேலாளரிடம் மாதக்கணக்கில் நச்சரித்து எழுநூறு ரூபாய் ஏற்றிக்கொண்டான். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் நின்றுபோன சம்பளச் சீட்டைப் பதவி உயர்வு போல எல்லோருக்கும் காட்டினான். கரியாஹாட்டிலிருந்து ஒரு பெட்டி சந்தேஷ். ‘உனக்கு இன்னும் பிடிக்கறாளா, பாவம்’ என்று மாதவின் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தான்.

“சிரிக்காதே... சரி, சிரிச்சுக்கோ. உன் காலம்... என்ன காகிதம்?... ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’னா? கையெழுத்துப் போட்டா இன்னிக்கே பாக்கிப் பணம் எல்லாத்தையும் தீர்த்துடறோம்னாளா?... ம்... எனக்கும் அதேதான் நீட்டினா. போட்டேன்... இரு இரு, லோக்கல் வரது. ஒண்ணும் காதுல விழலை.”

ஜன்னல் கம்பிகள் அதிர, டாக்குரியா ஸ்டேஷனை நோக்கி ரயில் போயிற்று.

தானாக வேலையை விட்டவனுக்கு அந்தத் தொகை கிடையாது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் மாதவ் தானாக விட்டவன். ஜெயந்த் எதுவும் செய்ய வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அடுத்த மாதம் இரண்டு வீட்டிலும் ஒரே நிலைமை. மாமனார் சாப்பாட்டு மேஜையில் சின்ன மாப்பிள்ளையின் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசமாட்டார். மீரா அக்காவைப் பார்த்து ‘ஏதாவது வேணுமா’ என்று கேட்கமாட்டாள். ரயில் சத்தம் ஓய்ந்த பிறகும் அவன் வெண்டைக்காயையே நறுக்கிக்கொண்டிருந்தான்.

“ஆங்... போயிடுத்து. சொல்லு... ஆதாரா? ஆமா, பாங்க் கணக்கோட இணைச்சிருக்கணும்... ஆன்லைன்லயே போடலாம்... என்ன கேட்டே? அவ்வளவுதானாவா?”

ஆமாம் என்று சொல்லத்தான் நினைத்தான். ஆனால் ஒரு நிபந்தனையை விட்டுவிட்டு, விளக்கியாயிற்று என்று சொல்வதற்கு நாக்கு எழவில்லை.

“இல்லை. இன்னொண்ணு இருக்கு... கூப்பிடட்டும், ரெண்டு நிமிஷம்னு சொல்லு. கையெழுத்துப் போடாதே மாதவ்!... போட்டா நீயா விட்டதா ஆயிடும். நீயா விட்டா ஒரு பைசா கிடையாது... சும்மா ஃபார்மாலிட்டின்னுதான் சொல்லுவா. எங்கிட்டயும் அதேதான் சொன்னா. எனக்கு எப்படியும் வரப்போறதில்லை, போட்டேன். நீ போடாதே. ஆட்குறைப்புன்னு எழுதித் தரச் சொல்லு... இழுத்தடிப்பாதான். சர்ட்டிஃபிகேட் தரமாட்டோம்னு மிரட்டினாலும் மிரட்டுவா. எல்லாத்தையும் மெயில்ல கேளு... ஆமா, ஆமா, வாயால ஒத்துக்காதே... ஏன் முதல்லயே சொல்லலையா?”

ஜெயந்த் கத்தியைத் தள்ளி வைத்தான்.

“அதான் ரயில் வந்துதேடா... இல்லை. ரயில் இல்லை. வயிறு எரிஞ்சுது, சொல்லலை. போறுமா?... தாங்க்ஸ் எல்லாம் வேண்டாம். அண்ணா அண்ணான்னு குழையாதே... ஆமா, இப்பவும்தான் எரியறது. நீ பாதிச் சம்பளத்தை வாங்கிண்டு ஜம்முனு உக்காந்திருக்கறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால ஒண்ணு கேட்டுக்கோ. அந்தத் தொண்ணூறு நாளும் எனக்கு போன் பண்ணாதே, இந்தாத்துப் பக்கமும் வராதே... நெஜமாத்தான்டா சொல்றேன்... மீரா வரட்டும், அவளை யார் சொன்னா?... தொண்ணூத்தோராம் நாள் காலம்பற வா. ரெண்டு பேருமா சேர்ந்து வேலை தேடலாம்... போ, அவா கத்தறது இங்கே கேக்கறது. வெக்கறேன்.”